ஒரு விரலுக்கு இரு வேலையா?

சென்ற விளையாட்டு விழாவில், மூன்றாமாண்டு நண்பன் உயரம் தாண்டியதைப் படமெடுத்தேன். கல்லூரியில் அவனுக்கு அதுவே கடைசித் தாண்டல். குறுக்குக் கம்பிமீது முன்னரே ஃபோகஸ் வைத்திருந்தேன். ஆயினும் படத்தில் தெளிவாய் விழுந்தது பின்னாலிருந்த வேப்பமரமே! நண்பனோ வானத்தின் முன் வெறும் கரிய நிழல்.

பிழை எங்கே? ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸும் ஒளியளவும் ஒருங்கே அமைகின்றன. மறுமுறை அழுத்தும்போது காமிரா புதிதாக ஃபோகஸ் தேடுகிறது. அக்கணத்தில் அதற்கு அகப்பட்டது மரம். ஒளியளவைக் குறைத்தது வெளிச்சமான வானம்.

இவ்விரு வேலைகளையும் பிரித்துவிடலாம். 1989-இல் வெளிவந்த கேனன் இ.ஓ.எஸ். 630 ஃபிலிம் காமிராவிலேயே இவ்வசதி உண்டு. இன்றைய காமிராக்கள் பலவற்றில், மெனுவிற்குச் சென்று ஷட்டர் பொத்தானிடமிருந்து ஃபோகஸை நீக்கி, பின்புறமுள்ள 'ஏ.எஃப். ஆன்' பொத்தானுக்கு அளிக்க வேண்டும். கேனனில் நட்சத்திரக் குறியுள்ள பொத்தான் ஒளியளவைப் பூட்டும்.

இனிக் கம்பிமீது கட்டைவிரலால் ஃபோகஸ் வைத்து விரலை எடுத்துவிட்டால், ஷட்டரை எத்தனை முறை அழுத்தினாலும் அது மாறாது. தாண்டுபவர் ஓடி வருகையில் புல்தரையை நோக்கி ஒளியளவைப் பூட்டிக்கொண்டால் வானமும் ஏமாற்றாது.

நண்பனுக்கு நான் தரவேண்டிய படம் போனது போனதுதான். அடுத்த விழாவில் காமிரா ஏந்தும் தம்பி தங்கையரே, ஒரு வாரம் முன்னதாகவே கட்டைவிரலைப் பழக்குங்கள்!