நோய்க்குக் காரணம் இனமா, நிலைமையா?

ஒரு நாட்டு மக்களின் சுகநிலையை அளந்தறிய விரும்புவோர் கையாளும் முதற்கருவி எண்ணிக்கையாகும். ஆயிரம் பிறப்புக்கு இறக்குங் குழந்தைகள் எத்தனை, இன்ன நோயால் மாண்டோர் எத்தனை என்னுங் கணக்குகளே மக்கட் சுகாதார ஆராய்ச்சிக்கு அடிப்படை. ஆயின், எண்கள் தாமாகப் பேசுவதில்லை. அவற்றுக்குக் காரணங் கூறுபவர் மனிதரே. அக்காரணத்தைப் பிழைபடக் கொள்ளின் விளையுங் கேடு யாதென்பதை ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

அந்நாட்டில் 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும், கறுப்பின மக்களின் மரண வீதம் வெள்ளையரின் வீதத்திலும் மிகுந்தேயிருந்தது. புறூடென்சியல் என்னுங் காப்புறுதிக் கம்பனியின் புள்ளிவிபர அறிஞர் பிரெடெரிக் ஹொவ்மன் 1896இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். வாழ்க்கை நிலைமையன்று, இனத்தின் இயல்பே இதற்குக் காரணம் என்பது அவர் முடிபு. அது மெய்யாயின், நல்ல வீடும் குடிநீரும் வைத்தியமும் அளித்தும் பயனில்லை என்றாகும். ஒரு மக்கட் கூட்டத்தைக் கைவிடுதற்கு இதனினும் வாய்ப்பான நியாயம் வேறுண்டோ?

இக்கூற்றை ஆராய்ச்சியால் எதிர்த்தவர்களுள் தலைசிறந்தவர் கறுப்பினப் பேரறிஞர் டுபோயிஸ். அவர் 1896இலும் 1897இலும் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று மக்களின் தொழில், உறையுள், உடல்நலம் என்பவற்றை விசாரித்து, 1899இல் நூலாக்கினார். 1906இல் அத்லாந்தாப் பல்கலைக்கழக வாயிலாகக் கறுப்பினத்தாரின் சுகநிலை பற்றித் தனியே ஓர் ஆய்வினையும் வெளியிட்டார். ருசியாவில் ஏழைக்கும் செல்வர்க்குமிடையே காணப்பட்ட மரண வேற்றுமை, அமெரிக்காவில் இரு இனத்தாருக்குமிடையே காணப்பட்ட வேற்றுமையினும் பெரிதென அவர் அதிற் சுட்டினார். காசநோயும் இனநோயன்று, சமுதாய நோயே என நிறுவினார்.

அவர் கருத்தின் உண்மையைப் பிற்காலம் காட்டியது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் வைத்தியசாலைகள் பல கறுப்பினத்தாரை ஏற்க மறுத்தன, அல்லது வேறு விடுதியில் ஒதுக்கின. 1966இல் முதியோர்க்கான மெடிக்கெயார் காப்புறுதி தொடங்கியபோது, இனப் பாகுபாடு காட்டும் வைத்தியசாலைக்கு அரசாங்கப் பணம் இல்லையென விதிக்கப்பட்டது. சில மாதங்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை தம் கதவுகளைத் திறந்தன. அதன் பின்னர் மிசிசிப்பி மாநிலத்தில் நியூமோனியாவாலும் வயிற்றோட்டத்தாலும் இறந்த கறுப்பினக் குழந்தைகளின் தொகை விரைந்து குறைந்தது. குழந்தைகளின் குருதி மாறவில்லை. வைத்தியசாலையின் வாயில் திறந்தது.

எனினும், வாயில் திறந்தமையால் உள்ளே சமநிலை வந்துவிடவில்லை. வருமானமும் காப்புறுதியும் ஒத்திருந்தபோதும் சிறுபான்மை இனத்தார் பெறும் வைத்தியம் தரங்குறைந்ததாயிருப்பதை அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் 2003ஆம் ஆண்டு நூல் எடுத்துக்காட்டியது. பழைய எண்ணம் கணித சூத்திரத்தினுள்ளும் மறைந்திருந்தது. குருதியிலுள்ள கிரியேட்டினின் என்னுங் கழிவுப்பொருளின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றலைக் கணிப்பர். 1999இல் வந்த சூத்திரமொன்று, நோயாளி கறுப்பினத்தவராயின் விடையை ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கூட்டியது. ஆகவே, பழுதுற்ற சிறுநீரகமும் நலமுற்றதுபோற் தோன்றியது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலிற் சேரும் நாளும் பிந்தியது. 2021இல் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வகுக்கப்பட்டது. 2023 முதல், அவ்வாறு பிந்தியோரின் காத்திருப்புக் காலமும் திருத்தப்படலாயிற்று.

இவற்றால் அறியக்கிடப்பது ஒன்றுண்டு. இனவாரியாகக் கணக்கெடுப்பது வேறு. இனத்தையே காரணமாக்குவது வேறு. முன்னது இல்லையேல் அநீதி கண்ணுக்குப் புலப்படாது; பின்னது நிலைபெறின் அவ்வநீதி இயற்கையெனத் தோன்றும். ஆதலால், ஒரு கூட்டத்தார் மிகுதியாக மடிகின்றனர் எனப் பதிவேடு கூறுமிடத்து, அவர்தம் உடலிற் குறை தேடுமுன், அவர்க்கு அடைபட்ட வாயில் யாதெனத் தேடுவதே ஆராய்ச்சியாளர்க்கும் ஆள்வோர்க்கும் உரிய கடனாகும்.