வயிற்று எரிச்சலா? குழாய்க்குப் பயப்படாதீர்கள்!

"ஒண்ணும் இல்ல மக்களே, வெறும் வாயுதான். ஒரு சுக்குக் காப்பி குடிச்சா சரியாப் போவும்."

மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, மிச்சம் மீதியை மூன்று மணிக்குச் சாப்பிடும் பெண்கள்தான் இப்படிச் சமாளிக்கிறார்கள். தலைவலிக்கு ஒரு மாத்திரை, எரிச்சலுக்கு ஒரு மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடும். "டாக்டரைப் பார்க்கலாமே" என்றால், "அய்யோ, குழாயை விழுங்கச் சொல்லுவாங்களே!" என்று பதில் வரும்.

அந்தப் பயம் தேவையா? பக்கத்திலிருக்கும் நெய்யூரின் கதையைக் கேளுங்கள். 1922-ல் எவரெஸ்ட் மலையேறும் குழுவில் வந்த ஆங்கிலேய டாக்டர் ஹோவார்ட் சாமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டு மனமிரங்கி, இங்கேயே பணிக்கு வந்துவிட்டார். குடற்புண் ஆபரேஷனில் பெரும் பெயர் பெற்றார். அந்தக் காலத்தில் முற்றிய அல்சருக்கு வயிற்றைத் திறப்பதுதான் வழி!

இன்று நிலைமை வேறு. 1982-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் வாரனும் மார்ஷலும், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அல்சருக்கு அதுவே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது இன்னொரு காரணம். மிளகாய்க் காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

எல்லோருக்கும் குழாய் வேண்டியதில்லை. மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனையிலேயே கிருமியைக் கண்டுபிடிக்கலாம். டாக்டர் எண்டாஸ்கோப்பி தேவை என்றால், ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்து, இடது பக்கமாகப் படுக்க வைப்பார்கள். சுண்டுவிரல் பருமனுள்ள வளையும் குழாய் உள்ளே போகும். கொஞ்சம் குமட்டும், மூச்சு முட்டாது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மயக்க ஊசி போட்டால் துணைக்கு ஒருவர் வேண்டும். கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, சர்க்கரை நோய், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிருமி இருந்தால், வழக்கமாக 14 நாள் மாத்திரை. வலி நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள்! முடித்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

தார் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி — இவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அதை நீங்களே தீர்மானிக்க வேண்டாம். காரணமில்லாமல் உடல் இளைப்பது, விழுங்கச் சிரமம், சோகை இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைக்கு வயிறு வலித்தால் சுக்குக் காப்பியோடு நிறுத்திக்கொள்வீர்களா? உங்கள் வயிற்றுக்கும் அதே நியாயம்தான், சகோதரிகளே!