வட்ட வாதம்

நிறுவ வேண்டிய முடிவையே காரணமாகக் கொண்டு அம்முடிவை நிலைநாட்ட முயல்வது வட்ட வாதம் எனப்படும். செக்குமாடு பகலெல்லாம் நடப்பினும் செக்கைவிட்டு அப்பாற் செல்வதில்லை, இவ்வாதமும் அத்தகையதே. ஒன்றையொன்று பற்றி நிற்கும் இக்குற்றத்தை வடநூலார் அன்னியோன்னியாசிரயம் என்பர். மணிமேகலையின் 29ஆம் காதையிலே அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என வாதக் குற்றங்களை வகுத்துரைக்கின்றார். தானே நிறுவப்படாத ஒன்று பிறிதொன்றை நிறுவ மாட்டாது என்பது அவற்றுள் 'அசித்தம்' என்னும் ஏதுப்போலியால் விளங்கும்.

ஏட்டில் உள்ள இக்குற்றம் நாட்டில் எவ்வாறு தோன்றும் என்பதற்கு ஊவாத் தோட்ட மக்களின் வரலாறு தக்க சான்றாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும், தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. பசறை, நமுனுகுலை, அப்புத்தளை முதலிய இடங்களின் லயங்களிலே பிறந்தோர் பலரிடம் அத்தகைய பத்திரம் இல்லை. மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

சட்டம் பத்திரம் கேட்டது வட்ட வாதமன்று, அது கடுமை. 'பதிவில்லை, ஆதலின் பிறக்கவில்லை' என்பதும் வேறொரு பிழை. சான்று இன்மை வேறு, நிகழ்ச்சி இன்மை வேறு. இனி ஒருவர், 'இவர்கள் இந்நாட்டில் வேரூன்றாதவர். ஆதலின் குடியுரிமைக்கு உரியரல்லர்' என்று கூறுவதாகக் கொள்க. வேரூன்றாமைக்குச் சான்று யாது என வினவின், 'குடியுரிமை பெற்றிலரே' என்பார். இங்கேதான் வட்டம் நிறைவுறுகிறது.

சில வட்டங்கள் வாதத்தோடு நில்லாது வாழ்வையும் சுற்றி வளைக்கும். 'கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் ஏந்தப் போகும் பிள்ளைக்கு மேற்படிப்பு எதற்கு?' என்பர். அப்பிள்ளை ஏன் அவற்றை ஏந்த நேர்ந்தது? மேற்படிப்பு மறுக்கப்பட்டமையால் அன்றோ!

வட்டத்தை அறுக்கும் வழி எளிது. 'முடிவை ஒரு கணம் மறந்துவிடின் இக்காரணம் தனித்து நிற்குமா?' என்று கேட்டல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினர்க்கும் இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. அது பாட்டன் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைத் தேடவில்லை. அவர்கள் இம்மண்ணில் வாழ்ந்தமையையே ஏதுவாகக் கொண்டது. அந்த ஏது குடியுரிமையைச் சார்ந்து நிற்பதன்று. தன் காலிலேயே நிற்பது.