மணிக்கு வயிற்றுப்போக்கு நின்ற கதை

ஐப்பசி மாதம். மதுரையில் நல்ல மழை. செல்லூரில் எங்கள் தெரு முழுவதும் தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், புத்தகப் பையைத் தலையில் வைத்திருந்தாள். பாவாடையில் எதையோ மூடியிருந்தாள். திறந்து பார்த்தால், ஒரு நாய்க்குட்டி! செம்மண் நிறம். வயிறு மட்டும் பானை போல் இருந்தது. மற்றதெல்லாம் எலும்பு.

"டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது அப்பா. அம்மா நாயைக் காணோம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அன்று இரவே அதற்கு மணி என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அன்று மணி சாப்பிட்டதைக் கேளுங்கள். ஒரு டம்ளர் பசும்பால், நாலு பிஸ்கட், அரை இட்லி. போதாதென்று நான் வாங்கி வந்த பரோட்டாவில் ஒரு துண்டு, சால்னாவோடு! வால் நிற்காமல் ஆடியது. எங்களுக்கும் வயிறு நிறைந்தது போல் இருந்தது.

நடுச்சாமத்தில் ஆரம்பித்தது வயிற்றுப்போக்கு. அது முழுசாக நிற்க இரண்டரை மாதம் ஆயிற்று.

ஆளுக்கு ஒரு வைத்தியம்

நாய் வளர்க்கிற வீட்டுக்கு இது புதிய கதை அல்ல. தெருவிலிருந்து எடுத்து வந்தாலும் சரி, பணம் கொடுத்து வாங்கினாலும் சரி. புதிதாக வந்த நாய்க்கு முதலில் கெடுவது வயிறுதான். "நாட்டு நாய்க்கு நோயே வராது" என்று பலர் சொல்கிறார்கள். ராஜபாளையம் நாய் நம் தெற்குச் சீமைக்குப் பெருமை தேடித் தந்த நாய். 2005-ம் ஆண்டில் இந்திய அரசு அதற்குத் தபால் தலையே வெளியிட்டது. அந்த நாய்க்கும் வயிறு கெடும். குடலில் இருக்கும் புழு ஜாதி பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மோரில் பெருங்காயம் என்றார் ஒருவர். மாதுளம் தோல் என்றார் இன்னொருவர். பட்டினி போடு என்றார் மூன்றாமவர். மனிதர்களுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை ஒன்றை மருந்துக் கடையில் வாங்கி, பாதியாக உடைத்து, நானே கொடுத்தேன். படித்தவன் செய்கிற வேலையா இது? இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு நாள் நிற்கும். மறுநாள் பழையபடி தொடங்கிவிடும். மூன்றாவது வாரம் என் மனைவி துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். விடியற்காலையில் மூன்றாம் முறையாகத் திண்ணையைக் கழுவி முடித்திருந்தாள்.

"என்னங்க, என்னால முடியல. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. எத்தனையோ நாய்க்குட்டிகள் இப்படித்தான் திரும்பத் தெருவுக்குப் போகின்றன. கடித்ததால் அல்ல, குரைத்ததால் அல்ல. கழுவிக் கழுவி வீட்டுக்காரர்களுக்கு அலுத்துப் போவதால். மகள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கடைசியாக ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தார்

கால்நடை டாக்டர் மணியின் வயிற்றை முதலில் பார்க்கவில்லை. மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். நல்ல நாய்க்கு ஈறு ரோஜா நிறத்தில் இருக்கும். மணிக்கு வெளுத்த துணி போல் இருந்தது. பிறகு முதுகுத் தோலைக் கிள்ளி விட்டார். உடம்பில் தண்ணீர் சரியாக இருந்தால் தோல் உடனே படிந்துவிடும். மணியின் தோல் கொஞ்ச நேரம் கூடாரம் போல் நின்றது.

"என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"மனுஷங்க மாத்திரையை இனிமேல் தொடாதீங்க. காய்ச்சலுக்கு நாம போடுற பாராசிட்டமால் கூட நாய்க்கு ஆபத்தாகலாம். நாளைக்குக் காலையில் இதோட மலத்தைக் கொஞ்சம் டப்பாவில் கொண்டு வாங்க" என்றார்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் ஒரு சின்ன டப்பாவைக் காகிதத்தில் சுற்றி, மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "என்ன தம்பி, அல்வாவா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்!

கொக்கிப்புழு

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். கொக்கிப்புழுவின் முட்டைகள்!

ஒரு விரற்கடை நீளம் கூட இல்லாத புழு அது. குடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஈறு வெளுத்ததற்குக் காரணம் அதுதான். இரண்டு மாதக் குட்டிக்கு அது எப்படி வந்தது? தாயிடமிருந்து. தாய் நாயின் உடம்பில், சதைக்குள், இந்தப் புழுவின் குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருக்கும். குட்டி போடும் காலத்தில் அவை விழித்துக்கொள்ளும். பால் வழியாகக் குட்டியின் வயிற்றுக்குள் போய்விடும். உருண்டைப்புழு இன்னும் மோசம். பிறப்பதற்கு முன்பே, கர்ப்பத்திலேயே குட்டிக்குள் புகுந்துவிடும். அந்தப் பானை வயிறு பெரும்பாலும் உருண்டைப்புழுவின் அடையாளம்.

ஆகையால் டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குட்டி பிறந்த 2 வாரத்திலிருந்தே குடற்புழு மருந்து. பிறகு 2 வாரத்துக்கு ஒரு தடவை, 8 வாரம் வரை. அதன்பின் 6 மாதம் வரை மாதம் ஒரு தடவை. ஒரு தடவை கொடுத்தால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது. அன்றைக்குக் குடலில் இருக்கும் புழு சாகும். உடம்பின் வேறு இடத்தில் இருக்கும் குஞ்சுப் புழுவை மருந்து எட்டாமல் போகலாம். அது சில நாள் கழித்துக் குடலுக்கு வந்து சேரும். மண்ணிலிருந்தும் புதிதாக ஏறும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை நாயின் எடையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மண்ணிலிருந்து எப்படி ஏறும் என்கிறீர்களா? தோல் வழியாக! இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1898-ம் ஆண்டு. எகிப்து நாட்டில் கெய்ரோ நகரம். லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்த தண்ணீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திவிட்டார். கை அரித்தது, சிவந்தது. சில வாரம் கழித்துத் தன் மலத்தையே சோதித்துப் பார்த்தார். அதில் கொக்கிப்புழு முட்டை! வாய் வழியாக மட்டும்தான் புழு போகும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

அது மனிதனைப் பிடிக்கும் புழு. நாயின் கொக்கிப்புழு மனிதத் தோலுக்குள் புகுந்தால், பெரும்பாலும் குடல் வரை போகாது. தோலுக்கு அடியிலேயே ஊரும். பாம்பு போன போக்கில் சிவப்புக் கோடு விழும். தாங்க முடியாத அரிப்பு. உருண்டைப்புழுவின் முட்டை குழந்தைகளின் வாய்க்குள் போனால் கண்ணையே பாதிக்கக்கூடும்.

இதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு நாய்க்குட்டியின் பேதி என்று நினைத்திருந்தோம். என் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் முற்றம் அல்லவா அது!

அன்று முதல் மணி வெளிக்குப் போனதும் உடனே அள்ளிவிடுவது என்று ஆயிற்று. காரணம் இருக்கிறது. முட்டை விழுந்தவுடன் ஒட்டாது. கொக்கிப்புழுக் குஞ்சு தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். உருண்டைப்புழு முட்டை பக்குவமாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் பிழைத்தோம். சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சு தாங்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், நிழல் மண்ணில், அதற்குக் கொண்டாட்டம். பிள்ளைகளுக்குச் செருப்பு. நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். என் மனைவி இதில் மகா கண்டிப்பு.

மறுபடியும்!

மருந்து கொடுத்துப் பத்து நாள் மணி நன்றாக இருந்தது. ஈறில் நிறம் ஏறியது. பதினோராம் நாள் மறுபடியும் பேதி.

திரும்ப டப்பா, திரும்பப் பஸ். இந்த முறை ஒன்றும் தெரியவில்லை. "மூணு நாள், மூணு தடவை கொண்டு வாங்க" என்றார் டாக்டர். ஜியார்டியா என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. அசுத்தமான தண்ணீரில் வருவது. அது தினமும் மலத்தில் வெளிப்படாது. இன்று இருக்கும், நாளை இருக்காது. மூன்றாவது டப்பாவில் அகப்பட்டது.

அதற்கும் மருந்து உண்டு. ஆனால் அதன் விதைகள் நாயின் மயிரில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய் தன்னைத்தானே நக்கும்போது திரும்ப வயிற்றுக்குள் போகும். ஆகவே மருந்து முடிகிற நாளில் நன்றாகக் குளிப்பாட்ட வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. மருந்தைத்தான் குறை சொல்கிறார்கள். தண்ணீர்ச் சட்டியையும் தினமும் கழுவிக் காய வைத்தோம்.

அப்படியும் முழுசாக நிற்கவில்லை. காலையில் மட்டும் இளகிப் போகும். மற்ற நேரம் சரியாக இருக்கும். டாக்டரே யோசித்தார். "வீட்டில் ஒரு நோட்டு போடுங்க. யார், எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தாங்கன்னு எழுதுங்க" என்றார்.

நோட்டுப் புத்தகம் பிடித்த திருடன்

சோறும் தோல் இல்லாத கோழிக் கறியும் வேக வைத்தது. உப்பு, காரம், எண்ணெய் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. டாக்டர் சொன்ன பத்தியம் அவ்வளவுதான். குட்டியைப் பட்டினி போடக் கூடாது என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் பட்டினி போடச் சொன்னார்கள். இப்போது, வாந்தி இல்லாவிட்டால் கொஞ்சமாவது சாப்பிடக் கொடுப்பதே குடலுக்கு நல்லது என்கிறார்கள்.

நோட்டில் மகள் எழுதினாள். நான் எழுதினேன். மனைவி எழுதினாள். எல்லாம் சோறும் கோழியும்தான். பிறகு எப்படிக் காலையில் மட்டும் கெடுகிறது?

ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தேன். அடுப்படியில் வெளிச்சம். என் தாயார் தன் காப்பிக்கு வைத்திருந்த பாலில் பாதியைத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். மணி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது?"

"தாயில்லாப் பிள்ளைடா. பால் கூட இல்லாம எப்படி வளரும்?" என்றார்.

நாய்க்குட்டி என்றாலே பால் என்று நினைக்கிறோம். அம்மாவை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. முதல் நாள் டம்ளர் நிறையக் கொடுத்தவன் நான். ஆனால் நாய்ப் பால் வேறு, பசும்பால் வேறு. பசும்பாலில் 100 பங்குக்கு ஏறக்குறைய 5 பங்கு பால் சர்க்கரை. தாய் நாயின் பாலில் அது சுமார் 3 பங்குதான். கொழுப்பும் புரதமும் அதில் இரண்டு மடங்கு. பால் குடி மறந்த நாய்க்கு, பால் சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தியும் குறைந்துகொண்டே போகும். ஜீரணமாகாத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுக்கும். புளிக்கும். பேதியாகும். எல்லா நாய்க்கும் அப்படி இல்லை. சில நாய் லிட்டர் கணக்கில் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். புழுவும் கிருமியும் புண்ணாக்கிய குடலுக்கு அது ஆகாது.

பாலை நிறுத்திய நாலாம் நாள் மணிக்குக் கட்டியாகப் போயிற்று. என் மனைவி அதைப் பார்க்க எல்லோரையும் கூப்பிட்டாள்!

காத்திருக்கக் கூடாத நேரம்

எங்கள் கதையில் பொறுமை வென்றது. ஆனால் பொறுக்கக் கூடாத நோய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பார்வோ. 1978-ம் ஆண்டில்தான் அது உலகத்துக்குத் தெரிய வந்தது. இரண்டே வருஷத்தில் கண்டம் கண்டமாகப் பரவியது. குட்டி சோறு தொடாது. வாந்தி எடுக்கும். இரத்தம் கலந்து, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு போகும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தண்ணீர் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கின்றன. நாளைக்குப் பார்ப்போம் என்றால் குட்டி இருக்காது. அந்தக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் கிடக்கும். பினாயிலுக்கு மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீருக்குத்தான் சாகும். தடுப்பு ஊசி இருக்கிறது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி 3 மாதத்தில்.

இன்னொரு வகையும் உண்டு. வளர்ந்த நாய், அதிலும் அல்சேஷன் நாய், வாரிவாரித் தின்னும், ஆனால் மெலிந்துகொண்டே போகும். மலம் குவியலாக, வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். கணையம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சோற்றோடு கலந்து கொடுக்கப் பொடி இருக்கிறது. ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். வேறு சில நாய்களுக்குக் கோழியே ஒத்துக்கொள்ளாது. இதுவரை தின்னாத ஒரே ஒரு கறியை மட்டும் இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். பல நாய்கள் அதிலேயே தேறிவிடும். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டால் சோதனை கெட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தைப் பொங்கலுக்கு மணி வீட்டுக்கு வந்து இரண்டரை மாதம். பிறகு பழைய சாப்பாட்டிலிருந்து புதிய சாப்பாட்டுக்கு ஏழு நாளில் சிறிது சிறிதாக மாற்றினோம். சால்னா இல்லை. வெங்காயம் போட்ட எதுவும் இல்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தையே கெடுக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து எலும்பு வரும். வேக வைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும் என்று சொல்லிச் சொல்லி, இப்போது அவர்கள் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

அம்மா காலையில் இன்னும் நாலரைக்கு எழுகிறார். காப்பி போடுகிறார். மணி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. "உனக்கு இல்லடா ராசா" என்று அதனிடம் சொல்லிவிட்டு, தன் டம்ளரை மறுபக்கம் திருப்பி வைத்துக் குடிக்கிறார். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் மாதத்துக்கு ஒரு தேதியில் மகள் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறாள். அது மணிக்குப் பூச்சி மருந்து நாள். அந்த டப்பாவை மட்டும் என் மனைவி இன்னும் வெளியே எறியவில்லை.