கத்திக்கு உறை: ரெடிமேடா, அளவெடுத்துத் தைப்பதா?

நம் சங்கத்தில் மளிகைக் கடைக்காரர்களே அதிகம். அவர்களுக்குக் கத்தி உறையைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். கிராமத்து மளிகைக் கடைகளில் தாம்புக்கயிறு, விளக்குமாறு, மண்வெட்டிக் காம்பு இவற்றோடு நாலு அரிவாளும் ஒரு கொத்துக் கத்தியும் தொங்கத்தான் செய்கின்றன. இளநீர் சீவுகிறவர், வாழைத்தார் வெட்டுகிறவர், வேலி கழிக்கிறவர் என்று பலரும் நம்மிடம்தான் வாங்குகிறார்கள். வாங்கியதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறோம். அவரும் அதை சைக்கிள் கேரியரிலோ டி.வி.எஸ். 50-ன் முன்பக்கச் சாக்கிலோ செருகிக்கொண்டு போகிறார்.

நான் 1979 முதல் மதுரையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். அரிவாளுக்குப் பெயர் போன திருப்பாச்சேத்தியிலிருந்தும் வேறு சில ஊர்ப் பட்டறைகளிலிருந்தும் கொள்முதல் உண்டு. ஒருமுறை பட்டறைக்காரர், “உறை போட்டு அனுப்பட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டார். விலை ஏறினால் சில்லறைக் கடைக்காரர் எடுக்க மாட்டார் என்று நான்தான் வேண்டாம் என்றேன். 1994 ஐப்பசியில், தீபாவளிக் கூட்டத்தில், வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டிய இரண்டு டஜன் கத்தி வந்து இறங்கியது. கடையில் வேலை பார்த்த தம்பி ஒருவர் அவசரத்தில் சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டுவிட்டார். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நரம்பு அறுந்தது. ஆஸ்பத்திரிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவருடைய மோதிர விரல் இன்று வரை முழுதாக மடங்குவதில்லை.

அதன் பிறகு ரோஷத்தோடு உறை வாங்கினேன். அதிலும் தவறு செய்தேன். கடையிலிருந்த கத்தி ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, மூன்று அளவில் இருநூறு உறை ஒரே மூச்சில் ஆர்டர் போட்டுவிட்டேன். மெஷினில் வெட்டிய கத்தி என்றால் இது சரி. ஒன்றுக்குச் சேரும் உறை ஆயிரத்துக்கும் சேரும். பட்டறைச் சரக்கு அப்படி அல்ல. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி, கண்ணளவில் அடிக்கிறார்கள். ஒரே நாளில் ஒரே கை அடித்த இரண்டு கத்திகளுக்குள்ளேயே அகலத்தில் கால் அங்குலம் வித்தியாசம் இருக்கும். முதுகுக் கனமும் மாறும். என் இருநூறில் பாதிக்கு மேல் ஒன்று இறுகியது, அல்லது தொளதொளத்தது.

தொளதொளத்த உறை உறையே இல்லாததை விட மோசம். உறை இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆள் கவனத்தை விட்டுவிடுகிறார். குனிந்தால் கத்தி நழுவி விழுகிறது. இறுகிய உறையிலோ அழுத்தித் திணிக்கும்போது முனை தையலை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. தென்னை ஏறும் ஒருவர் அப்படி அறுபட்ட உறை ஒன்றைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தார். சண்டை போடவில்லை. வேட்டியை விலக்கித் தொடையில் போட்ட தையலைக் காட்டினார். மீதி உறைகளை அன்றே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர்தான் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு தோலையும் நேராகச் சேர்த்துத் தைத்தால் கூர் நேரே நூலில்தான் உட்காரும். இரண்டுக்கும் நடுவே, கூர்ப்பக்கம் முழுவதும் ஒரு தோல் பட்டையைக் கொடுத்துத் தைக்க வேண்டும். அப்போது கூர் பட்டையில் உரசும், நூலைத் தொடாது. உறை வாங்கும் அன்பர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வாயைப் பிரித்துப் பார்த்தால் நடுப்பட்டை தெரியும். தெரியாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

தோலிலும் வித்தியாசம் உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் கெட்டியாக நிற்கும். நனைத்துக் கத்தியின் மேல் அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். குரோம் போட்ட தோல் மெத்தென்று இருக்கும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் வடிவம் பிடிக்காது. அதில் தங்கும் உப்பு இரும்பையும் அரிக்கும். எந்தத் தோலானாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு கார்த்திகை மழையில், காட்சிக்காக உறைக்குள்ளேயே வைத்திருந்த ஒரு டஜன் கத்தி துருவேறிப் புள்ளி விழுந்துவிட்டது. அதிலிருந்து கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவி, தாளில் சுற்றித் தனியாகவும் உறையைத் தனியாகவும் வைக்கிறோம். விற்கும்போதுதான் இரண்டையும் சேர்க்கிறோம். வாங்குகிறவரிடமும், வீட்டில் மாதக்கணக்கில் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறோம்.

முன்பு எங்கள் தெருவில் இரவுக் காவல் பார்த்த நேபாளத்துக்காரர் தம் குக்ரியை ஒருநாள் காட்டினார். உள்ளே மரம், மேலே தோல். பின்பக்கம் சிறு கத்தி ஒன்றும், தீட்டுவதற்கு மழுங்கலான இரும்பு ஒன்றும் செருகியிருந்தன. உறை இல்லாத குக்ரியை அவர் ஊரில் முழுச் சாமானாகவே மதிக்க மாட்டார்களாம். வேறு எங்கோ போவானேன், நம் பனையேறிகள் இடுப்பில் கட்டும் அரிவாள் பெட்டியும் அந்த வகைதானே! கடைக்கு வந்த பிறகுதான் நாம் கத்தியை வெறுமனே விற்கப் பழகியிருக்கிறோம்.

இப்போது எங்கள் கடையில் இரண்டு விதமும் உண்டு. மெஷின் கத்திக்கு ரெடிமேட் உறை, கத்தியோடு சேர்த்து ஒரே விலை. பட்டறைக் கத்திக்கு அளவெடுத்துத் தைப்பது. கத்தியைப் பழுப்புத் தாளில் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்து கொள்கிறோம். முதுகுக் கனம், வலக்கையா இடக்கையா, பெல்ட்டா அரைஞாண் கயிறா என்பதையும் அதே தாளில் எழுதுகிறோம். அரிவாள் மூக்கு வளைந்து, வயிறு கழுத்தை விட அகலமாக இருக்கும். அதை மேல்வாய் வழியாகச் செருக முடியாது. முதுகுப்பக்கம் திறந்து, இரண்டு பட்டன் வார் வைத்துத் தைக்க வேண்டும். தைப்பவர் அந்தச் செருப்புப் பெரியவரின் மகன். கத்தி விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உறைக்கு ஆகிறது. தொழிலுக்குக் கத்தி வாங்குகிறவர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. வீட்டுக்கு வாங்குகிறவர்களில் சிலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு முனையை அட்டையில் பொதிந்து நூல் கட்டித் தருகிறோம்.

முன்பணம் பாதி வாங்காமல் அளவு எடுக்காதீர்கள். ஆள் வராவிட்டால் அந்த உறை வேறு எந்தக் கத்திக்கும் ஆகாது. இப்படி வாங்காமல் போன உறைகள் என்னிடம் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன.

ஆர்டர் நோட்டில் பெயர், முகவரி, என்ன வேலைக்கு என்று மூன்றையும் எழுதுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகள் ஆயுதச் சட்டத்தின் விதிகளுக்குள் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. 2021-ல் தமிழகக் காவல்துறையும் பட்டறைக்காரர்களிடம் வாங்குகிறவர் விவரத்தைக் குறித்து வைக்கச் சொன்னது. சட்டைக்குள் முதுகில் மறைத்துக் கட்டுவது போல உறை வேண்டும் என்று சில இளைஞர்கள் வந்து கேட்கிறார்கள். அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறேன்.

விரல் மடங்காத அந்தத் தம்பி இன்று எங்கள் கடையின் கொள்முதல் பொறுப்பைப் பார்க்கிறார். சாக்கில் கட்டி வரும் கத்திச் சரக்கை அவர் இறக்கவே விடுவதில்லை. மரப்பெட்டியில், ஒவ்வொன்றின் முனையும் பொதிந்து வந்தால்தான் ரசீதில் கையெழுத்துப் போடுகிறார். இதனால் இரண்டு பட்டறைக்காரர்கள் எங்களுக்குச் சரக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.