கோழிக்குச் சோறு போட்டால் குற்றமா?

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. தீசிஸ் என்ற பெயரில் ஆணி புடுங்கிக்கொண்டிருந்தேன். இன்னும் முடியல. ஆனா ஒரு வாரமா மனசுக்குள்ள ஒரு கோழி கொக்கரிச்சுக்கிட்டே இருக்கு. இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும்.

நான் குடியிருப்பது ஒஸ்லோவின் கிழக்கே குரூருத் பள்ளத்தாக்கில், ஒரு ஈழத்துக் குடும்பத்தின் வீட்டு அடித்தள அறையில். வீட்டுக்கார அக்கா பின்பக்கம் மரக்கூண்டு வைத்து நாலு கோழி வளர்க்கிறார். நார்வேயின் சொந்த இனமான யார்ஹோன்ஸ். இதுல ஒரு விசேஷம், குஞ்சு பொரிச்ச அன்னிக்கே நிறத்தைப் பார்த்து பெட்டையா சேவலான்னு சொல்லிடலாம். நமக்கு ஊரு நாமக்கல் பக்கம். கோழியைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?

போன மாசம் அதுல ஒண்ணு தோல்முட்டை போட்டிருந்தது. ஓடே இல்லாம, தொட்டா பலூன் மாதிரி அமுங்குற முட்டை. ஊர்ல பார்த்த வைத்தியம் உடனே ஞாபகம் வந்துச்சு. ஒரு வாரம் ஆம்லெட் போட்ட முட்டை ஓட்டையெல்லாம் கழுவிக் காயவச்சு, நுணுக்கி, கூடவே ராத்திரி மிஞ்சின மீன்குழம்புச் சோத்தையும் ஒரு கிண்ணத்துல எடுத்துக்கிட்டு கம்பீரமா கூண்டுகிட்ட போனேன்.

"தம்பி, நில்லுங்கோ! உதைக் கோழிக்குப் போடாதேங்கோ. இங்க அது சட்டப்படி பிழை."

நான் சிரிச்சுட்டேன். கோழிக்குச் சோறு போட்டா குற்றமாம்! அக்கா சிரிக்கல. கிண்ணத்தை வாங்கி, மீன் தலையை மட்டும் எடுத்துப் பூனைக்குப் போட்டுட்டு, மிச்சத்தைப் பச்சைப் பையில் கட்டினார். அப்ப பூனைக்கு மட்டும் போடலாமா? போடலாமாம். பூனையை நாம சாப்பிடறதில்லை, அது முட்டையும் போடறதில்லை :-)

உள்ளே வந்து தேடிப் படிச்சேன். அக்கா சொன்னது நிஜம்தான். ஐரோப்பிய யூனியனின் 1069/2009 விதி இது. நார்வே யூனியன்ல இல்லைன்னாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் வழியா இங்கேயும் செல்லும். உணவுக்காக வளர்க்கிற எந்தப் பிராணிக்கும் சமையலறைக் கழிவைத் தீனியாப் போடக் கூடாது. ஓட்டல் மட்டுமில்ல, வீட்டுச் சமையலறையும் கணக்குல உண்டு. தோட்டத்துல பறிச்சு நேரா கூண்டுக்குள்ள போட்ட முட்டைக்கோஸ் இலை தீவனம். அதே இலை சமையலறைக்குள்ள போய் வெட்டுப்பலகையைத் தொட்டுட்டு வந்தா கழிவு. நாலு கோழி வச்சிருக்கிற அக்காவுக்கும் இதேதான்.

இதுக்குப் பின்னால ஒரு பெரிய கதை இருக்கு. 2001ல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து பகுதியில் ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் போட்டதுல இருந்து கோமாரி நோய் கிளம்பினதா விசாரணையில முடிவு பண்ணாங்க. அந்த வருசம் அடக்க முடியாம 60 லட்சத்துக்கு மேல ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்னாங்க. அந்த மே மாசமே பிரிட்டன் கழிவுத் தீனியைத் தடை செய்ய, அடுத்த வருசம் ஐரோப்பிய யூனியன் முழுக்கச் சட்டம் வந்துச்சு. இத்தனைக்கும் 1940-45ல் ஜெர்மன் ஆக்கிரமிப்புப் பஞ்ச காலத்தில் இதே நார்வேயின் வீட்டுத் தோட்டங்கள்ல சமையல் மிச்சத்தைப் போட்டுப் பன்றி வளர்த்திருக்காங்க. 'வில்லாகிரிஸ்'னு அதுக்குச் செல்லப் பேரே உண்டு.

சரி, தோல்முட்டை என்னாச்சுன்னு கேக்கறீங்களா? முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட். ஒரு ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேணும். கோழி அந்த ஓட்டை ஏறக்குறைய 20 மணி நேரத்துல, பெரும்பாலும் ராத்திரி நாம தூங்கும்போது கட்டுது. தீனியில சுண்ணாம்பு பத்தலைன்னா தன் எலும்புல இருக்கறதைக் கரைச்சுக் குடுக்கும். பெத்தவங்க சமாச்சாரம் மாதிரியே இருக்குல்ல? அதுவும் பத்தாதப்போ தோல்முட்டை வரும். அக்கா தீவனக் கடையில் 'ஷெல்சான்'னு ஒரு பை வாங்கிட்டு வந்து தனித் தட்டுல வச்சார். கடல் சிப்பி உடைஞ்ச மணல். அட, நம்ம நாமக்கல் பண்ணையில போடற கிளிஞ்சல்! தேவையானது மட்டும் கொத்திட்டு மிச்சத்தை விட்டுடுது. பத்து நாள்ல ஓடு கெட்டியாயிடுச்சு.

முட்டை ஓட்டைத் தடுக்கறது மட்டும் எனக்கு இன்னும் ஜீரணிக்கல. அடுப்புல நல்லா வறுத்துப் பொடிச்சா என்ன கெட்டுடும்? ஆனா இந்த ஊர்க்காரங்க மே 17 தேசிய தினத்துல மஞ்சக்கருவையும் சர்க்கரையையும் அடிச்சு 'எக்கெதூசிஸ்'னு பச்சையா சாப்பிடறாங்க. நார்வேக் கோழிகள்ல சால்மொனெல்லா ரொம்ப அபூர்வம்கறதால வந்த தைரியம். அதைக் காப்பாத்தணும்னா கெடுபிடியும் வேணும்தான் போல.

இதுவரைக்கும் ஜாலியாத்தான் படிச்சேன். அடுத்த பத்தியில கோழி நோய்கள் பட்டியல் வந்துச்சு. அதுல நியூகாசில் நோய். 1926ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துல கண்டதால அந்தப் பேர். இந்தியாவுல ராணிக்கெட், நம்ம ஊர்ல வெள்ளைக்கழிச்சல். நோய்ப்பட்ட கோழியின் பச்சைக் கறி, தோல், குடல் வழியாவும் இது அடுத்த கோழிக்குப் பரவும்னு போட்டிருந்தது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் எட்டாவது படிக்கும்போது அம்மா பதினோரு நாட்டுக்கோழி வச்சிருந்தாங்க. முட்டைக் காசு அம்மாவோட சொந்தக் காசு, அப்பா கேக்க மாட்டார். அதுல சேர்த்து எனக்கு சைக்கிள் வாங்கறதா பேச்சு. ஞாயித்துக்கிழமை பிராய்லர் கறி வாங்கிட்டு வந்து கழுவறது என் வேலை. தோலையும் குடலையும் நம்ம கோழிங்களுக்கு வீசுவேன். அதுங்க அடிச்சுப் பிடிச்சுத் திங்கறதைப் பாக்க அவ்ளோ சந்தோஷம். ஒரு ஞாயிறு அப்படிப் போட்டு ஒரு வாரம் இருக்கும், ஒவ்வொண்ணா தலை தொங்கிச்சு. வெள்ளையும் பச்சையுமா கழிஞ்சுது. நாலு நாள்ல பதினொண்ணும் போச்சு. அம்மா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு வேப்பமரத்தடியில குழி தோண்டினாங்க. சைக்கிள் பேச்சு அப்புறம் வரவே இல்லை.

அது நான் போட்ட தோலாலயா, காத்துல வந்துச்சா, பக்கத்து வீட்டுக் கோழி கொண்டாந்துச்சா, இப்ப யாரும் சொல்ல முடியாது. அந்த வருசம் தடுப்பூசியும் போடல. ஆனா அன்னிக்கு ராத்திரி லேப்டாப்பை மூடிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்க கோழிக்குச் சோறு போடக் கூடாதுன்னு சொன்னதும் முதல் கேள்வி, "அப்ப மிஞ்சினதை என்னடா பண்றாங்க?" பச்சைப் பையில கட்டிக் குடுத்தா, நகராட்சி ஆலையில கேமரா நிறம் பார்த்துப் பிரிச்செடுக்கும், எரிவாயு ஆக்கி வண்டி ஓட்டுவாங்க, மிச்சம் வயலுக்கு உரம்னு விளக்கினேன். "ஒரு கைப்பிடிச் சோத்துக்கு இத்தனையா!"ன்னாங்க.

இப்ப எத்தனை கோழி? ஆறு. பிப்ரவரி முகாம்ல ஊசி போட்டாச்சு. சோறு, காய்த்தோல், முட்டை ஓடு எல்லாம் வழக்கம் போலத்தான்.

எச்சில் முழுங்கிட்டு, "கறிக்கடைத் தோலு குடலு மட்டும் போடாதீங்கம்மா"ன்னேன்.

"அந்த வருசத்துலிருந்தே நான் போடறதில்லையே சாமி. உன்னையும் அதுக்கப்புறம் கறி கழுவ விடலையே, கவனிக்கலையா நீயி?"