கோடையில் குறைவாகச் சமைப்போம், கேட்டு வாங்குவோம்

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். வேலூரிலும் மதுரையிலும் கரூரிலும் வெயில் 40 பாகையைத் தாண்டும் அந்த நாட்களில், வீட்டிலேயே அதிகம் தகிக்கும் இடம் சமையலறைதான். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட வீடுகளில் அடுப்பின் முன் நிற்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. உச்சி வெயில் நேரத்தில் சமைக்காதீர்கள், சமைக்கும்போது கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமே அறிவுறுத்துகிறது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க அது வழி செய்தது. இப்படி ஒரு நிவாரணம் இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது.

உச்சி வெயிலில் அடுப்பின் முன் நிற்க முடியாததால்தான் கோடை வந்தால் பல வீடுகளில் காலை ஆறு மணிக்குள் மூன்று வேளைச் சாப்பாடும் தயாராகிவிடுகிறது. அடுப்பு அனலிலிருந்து தப்பிக்க இது நல்ல வழிதான். ஆனால் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. ஆறு மணிக்கு இறக்கிய சோறும் சாம்பாரும் மதியம் இரண்டு மணிவரை மேடை மேலேயே மூடிக் கிடக்கின்றன. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகள் பெருக ஏற்றது. சமைத்த உணவு அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. சுற்றுப்புற வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர்க் கோடைக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும்.

மறுபடி நன்றாகச் சுடவைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. சோற்றைப் பொறுத்தவரை அது தவறு. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைநிலை, உலை கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது அது முளைத்து நஞ்சைக் கக்குகிறது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். தேங்காய்ச் சட்னியிலும், கையால் பிசைந்து வைத்த கலவைச் சாதங்களிலும் கை வழியாகச் சேரும் ஸ்டேஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் இதே வகை. கெட்ட வாடை வந்தால்தான் உணவு கெட்டது என்று மூக்கை நம்பி இருக்க முடியாது.

அப்படியானால் பழைய சோறு? அது வேறு கதை. சோற்றை நீரில் ஊற வைக்கும்போது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நல்ல நுண்ணுயிர்கள் வளர்ந்து நீரைப் புளிக்க வைக்கின்றன; அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்குகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரவு வடித்த சோறு ஆறியதும், குடிக்கத் தகுந்த நீரை ஊற்றி, சுத்தமான சட்டியில் வைத்து, காலையிலேயே குடித்துவிட வேண்டும். பகலெல்லாம் வெறுமனே கிடந்த மதியச் சோற்றை இரவு நீரூற்றிக் காப்பாற்ற முடியாது.

கோடைக்கு ஏற்ற நல்ல வழி, அடுப்பே வேண்டாத அல்லது பத்து நிமிட அடுப்பு போதும் என்கிற சமையலை அந்தந்த வேளைக்குக் கொஞ்சமாகச் செய்வது. நம் சமையலில் அதற்குப் பஞ்சமில்லை. கோசுமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை கோப்பை பாசிப்பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், துருவிய கிளிமூக்கு மாங்காய், கொத்தமல்லி சேர்க்க வேண்டும். கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. உப்பைப் பரிமாறும்போதுதான் போட வேண்டும். முன்பே போட்டால் வெள்ளரி நீர் விட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும். உடனே சாப்பிடப் போவதில்லை என்றால் தேங்காய்த் துருவலைத் தவிர்த்துவிடலாம்.

தயிர் ஒரு பங்குக்கு நீர் நான்கு பங்கு, இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு: நீர்மோருக்கு வேறென்ன வேண்டும்? வெயிலில் வேலை செய்து வந்தவருக்கு இதைவிட ஏற்ற பானம் கடையில் கிடைப்பது அரிது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பில் கவனமாக இருக்க வேண்டும். சுட்ட மாங்காயைப் பிசைந்து வெல்லம் போட்ட பானகம், வெண்பூசணி மோர்க்குழம்பு, முதல் நாள் இரவு காய்ச்சிக் காலையில் கரைக்கும் கம்பங்கூழ், சுரைக்காய்க் கூட்டு என்று பட்டியல் நீளும். மதியத்துக்கு டப்பாவில் எடுத்துப்போகும் தயிர்சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரைக் கரண்டி அளவும் விட்டுப் பிசையும் பழக்கம் சரியானதே. சாப்பிடும் நேரத்துக்கு அளவாகப் புளித்திருக்கும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைக்கும்போது பெரிய குண்டானோடு தூக்கி வைக்காமல் சின்னச் சின்னக் கிண்ணங்களாகப் பிரித்தால் உள்வரை சீக்கிரம் குளிரும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதவரை சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும்.

வேகவைக்காமல் சாப்பிடும் உணவு கூடும்போது, காயையும் பழத்தையும் எங்கே எப்படி வாங்குகிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது. வேகும் சூட்டில் சாக வேண்டிய கிருமி, வெள்ளரியோடு நேரே வயிற்றுக்குப் போகும். ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்; சோப்பு வேண்டாம். பச்சை மிளகாயும் வெண்டைக்காயும் அளவுக்கு மீறிப் பளிச்சென்று தெரிந்தால், நீரிலோ எண்ணெயிலோ நனைத்த பஞ்சால் தோலைத் துடைத்துப் பார்க்கலாம். பஞ்சு பச்சையானால் மேலாக்கைட் கிரீன் என்ற சாயம் ஏற்றப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. இந்தச் சோதனையை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

மாம்பழத்தில் இரண்டு விஷயங்களை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011ஆம் ஆண்டின் விற்பனைத் தடை ஒழுங்குமுறைகளின்படி சட்ட விரோதம். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கக்கூடும். ஆனால் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுக்குள், அறையில் முறையாகச் செலுத்திப் பழுக்க வைப்பதற்கு அனுமதி உண்டு. ஆகவே செயற்கையாகப் பழுக்க வைத்தார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு வியாபாரியைக் குற்றவாளி ஆக்க முடியாது. கூடைக்குள் சாம்பல் நிறப் பொடிப் பொட்டலம் கிடந்தாலோ, தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து வாசனையே இல்லாமல் உள்ளே காயாக இருந்தாலோ புகார் செய்யலாம். காயாகவே வாங்கி வந்து வைக்கோலில் வைப்பதும், பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வைப்பதும் வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியவை.

ஆதாரம் இல்லாத பேச்சு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை 2025 ஏப்ரலில் தமிழகம் பார்த்தது. தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற எச்சரிக்கை காணொளியாகப் பரவியதும் விற்பனை சரிந்தது. வயலில் அறுவடைக்கு நின்ற பழம் விலைபோகாமல் விவசாயிகள் தவித்தார்கள். பிறகு, அப்படிக் கலப்படம் செய்ததாகத் தமிழகத்தில் கண்டறியப்படவில்லை என்ற விளக்கம் வந்தது. தர்பூசணியின் சிவப்பு, தக்காளியில் இருக்கும் அதே லைக்கோபீன் நிறமி தருவது. சந்தேகம் வந்தால் அதை அனுப்ப வேண்டிய இடம் வாட்ஸ்அப் குழு அல்ல, உணவுப் பாதுகாப்புத் துறை.

கடையில் கேட்பதற்கு நமக்கு உரிமையுள்ள சின்ன விஷயங்களும் உண்டு. வடையையும் போண்டாவையும் செய்தித்தாளில் சுற்றித் தருவது 2018ஆம் ஆண்டின் பொதிப்பு ஒழுங்குமுறைகளால் தடை செய்யப்பட்டது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்கும். வாழை இலை கேட்பது வாடிக்கையாளரின் பிடிவாதம் ஆகாது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் இட்லி மாவில் தயாரித்தவர் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்ற விவரங்கள் இருக்க வேண்டும். கோடையில் மாவு விறுவிறுவெனப் புளிக்கும். தேதி இல்லாத மாவுப் பாக்கெட் எப்போது அரைத்தது என்று யாருக்கும் தெரியாது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. சால்மொனெல்லா கிருமி பரவும் அபாயமே காரணம். வீட்டில் குழந்தைகளுக்காக அதை அரைப்பவர்களும் இந்தக் காரணத்தை நினைவில் வைக்க வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வயிற்றுப்போக்கு வரலாம். அப்போது முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. இதில்கூட மக்களை ஏமாற்றும் வியாபாரம் நடந்தது. இந்தக் கரைசலைக் குறிக்கும் ஓஆர்எஸ் என்ற பெயரைப் பெரிதாகப் போட்டுச் சர்க்கரை மிகுந்த பானங்கள் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. வயிற்றுப்போக்கில் தவிக்கும் குழந்தைக்கு அதிகச் சர்க்கரை, நீரிழப்பைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கும் போனார். 2022இல் தடையும் பிறகு தளர்வும் என்று ஆட்டம் கண்ட விவகாரத்தில், 2025 அக்டோபரில்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உறுதியாக உத்தரவிட்டது. சாதாரணப் புகாராகத் தொடங்கியது நாடு முழுவதற்குமான உத்தரவாக முடிந்திருக்கிறது. மருந்துக் கடையில் உலகச் சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீர் வெகுநேரம் வராமல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெளியில் வாங்கியதைச் சாப்பிட்டு உடம்புக்கு வந்தால் நம்மில் பலர் முதலில் செய்வது, மிச்சத்தைக் குப்பையில் கொட்டுவது. புகார் தோற்பதும் அங்கேதான். மிச்சத்தை மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பாக்கெட்டின் தொகுதி எண்ணும் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள். ரசீதையும் மருத்துவர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மத்திய ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 112 100. கடையின் பெயர், தெரு, வாங்கிய நாள், நேரம், என்ன நடந்தது என்று நாலு வரி எழுதினால் போதும். பொதுவாகப் பொருமுவதைவிட இந்த நாலு வரிக்கு வலு அதிகம்.

இதைவிடக் கூர்மையான ஒரு வழி, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் இருக்கிறது. பொருளை வாங்கும் எந்தக் குடிமகனும் அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதித்து அறிக்கை பெறலாம். கட்டணம் கட்ட வேண்டும். சோதனைக்குத் தரப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று அறிக்கை சொன்னால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கை நடவடிக்கைக்காக அதிகாரிக்கும் போகும். சென்னை கிண்டி, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. ஒரு குடியிருப்போர் சங்கம் சேர்ந்து, தெருவில் எல்லோரும் வாங்கும் எண்ணெயையோ பாலையோ இப்படிச் சோதிக்கக் கொடுத்தால் செலவும் பங்கிடப்படும், பயனும் பலருக்குக் கிடைக்கும்.

இதே சட்டத்தின் 65ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருகிறது. உயிரிழப்பு என்றால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. இது போக நுகர்வோர் ஆணையமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வீட்டுச் சமையல் பொருள் எதுவும் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இணைய வழியில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம். அதற்கு முன் சமரசம் முயன்று பார்க்க விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கோடைதான் வடகமும் வற்றலும் மாவடுவும் ஆவக்காயும் போடும் காலம். மொட்டை மாடியில் பிழிந்த கூழ் வடகத்தை அக்கம்பக்கத்துக்கு விற்று நாலு காசு பார்க்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களும் சட்டத்தின் பார்வையில் உணவு வணிகர்களே. சிறு வணிகருக்கான பதிவு அவர்களுக்கும் வேண்டும். பயப்பட இதில் ஒன்றுமில்லை. அடையாளச் சான்றும் புகைப்படமும் கொண்டு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்திலோ இ-சேவை மையத்தின் உதவியோடோ விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் ஒட்டிவிட்டால், நாளைக்கு யாராவது வீணாகப் புகார் சொன்னாலும் பதிவில்லாமல் விற்றார் என்ற குற்றச்சாட்டு எழாது. பக்கத்து ஊர்க் கடையிலும் தைரியமாகக் கொடுத்து விற்கலாம்.